ஜெர்மானியக் குடும்பப் பெயர்களும் மூதாதையர் தேடலும்

ஜெர்மானியக் குடும்பப் பெயர் என்பது ஒருவரின் இயற்பெயருக்குப் பின்னால் எழுதப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் ஆகும். இதன் பொருளை அறிந்தால் முன்னோரின் தொழில், ஊர் ஆகியவை பற்றி ஒரு துப்பு கிடைக்கும். ஜெர்மானிய மறைப்பணியாளர்கள் பணியாற்றிய தமிழ்நாட்டில் லூதர், சுவார்ட்ஸ் போன்ற பெயர்கள் தமிழ்க் குடும்பங்களிலும் வழங்குகின்றன. ஆகவே ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வட்டாரத்தில் குடும்ப வரலாறு தேடுவோருக்கும் இப்பெயர்களைப் பற்றிய அறிவு பயன்படும்.

பெயர்களின் வகைகள்

இப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

1. தொழிற்பெயர்: முல்லர் (மாவு ஆலைக்காரர்), ஷ்மிட் (கொல்லர்).
2. ஊர்ப்பெயர்: ஆடெனவர் (ஆடெனவ் என்னும் ஊரைச் சேர்ந்தவர்).
3. தந்தை பெயர்: பீட்டர்ஸ், ஹான்சன்.
4. உருவம் அல்லது இயல்பு குறித்த பட்டப்பெயர்: கிளைன் (சிறியவர்), ஷ்வார்ட்ஸ் (கறுப்பு).

கற்றோர் சிலர் தம் பெயரை இலத்தீனில் மாற்றிக்கொண்டனர். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியசின் (1711–1791) பெயர், கொல்லரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

தோல் தொழிலும் பெயர்களும்

தோல் பதனிடும் தொழில் ஜெர்மன் மொழியில் பல குடும்பப் பெயர்களைத் தந்துள்ளது. கெர்பர், லெடரர் ஆகியவை தோல் பதனிடுபவரைக் குறிக்கும். ஓக் மரப்பட்டையால் மாட்டுத்தோலைப் பதனிட்டவர் ரோட்கெர்பர். படிகாரத்தால் ஆட்டுத்தோலை வெள்ளையாகப் பதனிட்டவர் வைஸ்கெர்பர். ஆம்பூர்ப் பக்கத்தில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக் பட்டை செய்தது. ஷூஸ்டர் என்றால் செருப்புத் தைப்பவர்; சாட்லர் என்றால் சேணம் செய்பவர்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் பெயரிலும் தோல் இருக்கிறது. ‘சீகெ’ என்பது வெள்ளாடு. ‘பால்க்’ என்பது உரித்த தோல். ஆனால் இந்தச் சொற்பொருளை மட்டும் வைத்து அவர் முன்னோர் தோல் தொழிலாளர் என்று முடிவுகட்ட இயலாது. அதற்குப் பதிவேட்டுச் சான்று வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜெர்மானியப் பெயர்கள்

தரங்கம்பாடி மிஷனில் தொடங்கித் தஞ்சையில் மறைந்த சுவார்ட்ஸ் (1726–1798) போன்றோர் நினைவாகத் தமிழ்க் கிறித்தவர்கள் பிள்ளைகளுக்குப் பெயரிட்டனர். வேலூர் வட்டாரத்துக்கு லூத்தரன் தொடர்பு இன்னொரு வழியிலும் வந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் 1847இல் தொடங்கிய மிசௌரி சினட் சார்பில், நேதர், மோன் ஆகியோர் 1895இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினர். பின்னர் அது ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளுக்குப் பரவியது. ஆம்பூரின் பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் அந்த மிஷன் வழி வந்தவையே.

இப்பெயர்கள் ஞானஸ்நானப் பெயர்களாக வைக்கப்பட்டவை. எனவே தாத்தாவின் பெயர் சுவார்ட்ஸ் என்பதால் குடும்பத்துக்கு ஜெர்மானிய இரத்த உறவு உண்டு என்று கொள்ளக் கூடாது. அந்தப் பெயர் காட்டுவது பெற்றோரின் நன்றியையும் திருச்சபைத் தொடர்பையும் மட்டுமே. எந்தச் சபையின் பதிவேட்டைத் தேட வேண்டும் என்பதற்கு அதுவே ஒரு குறிப்பாகவும் அமையும்.

முதலெழுத்து முறை

தமிழ்நாட்டில் இனிஷியல் தலைமுறைதோறும் மாறும். எடுத்துக்காட்டாக, மா. தாவீதின் மகன் தா. சாமுவேல், அவர் மகன் சா. யோசேப்பு. மூன்று தலைமுறைக்குள் பொதுவான அடையாளம் மறைந்துவிடுகிறது. ஜெர்மனியின் கிழக்கு பிரீசியாவிலும் தந்தை பெயரை இணைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நெப்போலியன் ஆட்சியில் 1811இல் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமாக்கப்பட்டது.

ஜோலார்பேட்டை போன்ற இரயில் சந்திப்பு ஊர்களில் சிக்கல் இன்னும் கூடும். இங்கிருந்து பெங்களூருக்கு 1864இல் பாதை திறக்கப்பட்டது. இரயில்வே வேலைக்காக வந்து தங்கிய குடும்பங்களின் பூர்வீக ஊர், பெயரில் தெரிவதில்லை.

தேடும் முறை

1. வீட்டுப் பெரியவர்களிடம் பெயர், ஊர், திருச்சபை ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல்.
2. பள்ளிச் சான்றிதழ், பத்திரம், இரயில்வே பணிப்பதிவேடு ஆகியவற்றை ஒப்பிடுதல்.
3. சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பார்த்தல். பெற்றோர் பெயரே தலைமுறைகளை இணைக்கும் கண்ணி.
4. ஒரே பெயரின் எழுத்து வேறுபாடுகளையும் தேடுதல். மார்ட்டின் லூதரின் குடும்பப் பெயரே முன்பு லூடர் என்று வழங்கியது.
5. ஐரோப்பிய வம்சாவளி ஆவணத்தில் உறுதியானால், சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளை இலண்டன் பிரித்தானிய நூலகத்திலும், தரங்கம்பாடி மிஷன் கடிதங்களை ஹாலே நகரின் பிராங்கே நிறுவன ஆவணக்காப்பகத்திலும் தேடலாம்.

ஜெர்மனி முழுவதற்குமான அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1876 ஜனவரி 1 முதல் உள்ளது. அதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபைப் பதிவேடுகளே முதன்மைச் சான்று. அவற்றுள் பல, முப்பதாண்டுப் போரில் (1618–1648) அழிந்தன.

வரம்புகள்

கெர்பர் என்ற பெயர், தோல் பதனிட்ட ஊர்கள் பலவற்றில் தனித்தனியே தோன்றியது. ஆகவே ஒரே பெயர் உடையோர் அனைவரும் உறவினர் அல்லர். மேலும், தொழிற்பெயர் காட்டுவது பெயர் நிலைபெற்ற காலத்தில் வாழ்ந்த ஒரு முன்னோரின் தொழிலை மட்டுமே. அவருடைய பேரன் விவசாயியாகவோ ஆசிரியராகவோ இருந்திருக்கலாம். தாய்வழி முன்னோரைக் குடும்பப் பெயர் பெரும்பாலும் காட்டுவதில்லை. பெயரின் பொருளைத் தேடலின் தொடக்கமாகக் கொண்டு, ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணத்தால் உறுதிசெய்த பிறகே அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும்.