இற்றைப்படுத்தும் முன்

ஒளிப்படங்களைத் திருத்தவும் சுவரொட்டிகளை வடிவமைக்கவும் உதவும் கட்டற்ற மென்பொருள் ஜிம்ப். பெர்க்லியில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகிய மாணவர் இருவர் 1995 இல் அதனை உருவாக்கத் தொடங்கினர். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அந்த எளிமையே ஒருமுறை பொறியாகவும் ஆயிற்று. 2015 இல் ஒரு பதிவிறக்கத் தளம், விண்டோஸுக்கான ஜிம்ப் நிறுவியுடன் விளம்பர மென்பொருளைப் பிணைத்து வழங்கியது. பெயரும் சின்னமும் அசல். உடன் வந்ததோ அழையா விருந்தாளி.

இதனைக் கண்டறிய வழி உண்டு. ஜிம்ப் குழுவினர் தம் தளத்தில் நிறுவிக்குரிய சரிபார்ப்புக் குறியையும் வெளியிடுகின்றனர். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை, கோப்பு முழுவதையும் கணித்து 64 எழுத்துகளாலான குறியொன்றைத் தருகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினும் குறி முற்றிலும் வேறாகிவிடும். பதிவிறக்கிய கோப்பின் குறியைத் தம் கணினியிலேயே கணித்து ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஏமாறுவது அரிது. கோப்பைத் தந்த இடைத்தளத்திடமே குறியையும் பெறுவதோ, திருடனையே சாட்சிக்கு அழைப்பது போன்றது.

அசல் நிறுவியும் இடையூறு தரக்கூடும். 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பில், 2.10 பதிப்புக்கென எழுதப்பட்ட செருகுநிரல்கள் பல இயங்கவில்லை. அதற்காக இற்றைப்படுத்தாமல் இருத்தலும் ஆகாது. பி.எஸ்.டி. முதலிய படக்கோப்புகளைத் திறக்கும்போது நேரக்கூடிய பாதுகாப்புக் குறைகளை 2023 இல் வந்த 2.10.36 பதிப்பே களைந்தது. ஆயினும், போட்டிக்கு ஓவியம் அனுப்பவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அதற்கு உரிய வேளையன்று. கோப்புகளின் படியை வேறொரு வட்டில் சேமித்து, பழைய நிறுவியையும் அழிக்காது வைத்திருப்பவர், புதிய பதிப்பு ஒத்துவராவிடில் பழையதற்கே திரும்பிவிடலாம்.