ஒட்டவிடாத பை

நீர்க்கடுப்பு வருவதில் வியப்பில்லை. அது நாள்தோறும் வராமலிருப்பதில்தான் வியப்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளிவாசல் வரை உள்ள குழாய் பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு 20 செ.மீ. அளவுக்கு வரும். பெண்களுக்கு அந்த வாசலுக்கு வெகு பக்கத்திலேயே மலவாய் இருக்கிறது. குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் ஈ.கோலை கிருமிக்கு இந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை. உள்ளே நுழைந்துவிட்டால் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் திரவம், தங்குவதற்கு ஒரு பை. இத்தனை வசதியிருந்தும் பெரும்பாலான நாட்களில் கிருமி தோற்றுத் திரும்புகிறது.

காவல் வாசலிலேயே தொடங்குகிறது. பெண்ணுறுப்பில் வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கின்றன. புளிப்பில் ஈ.கோலை தழைப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, இந்தப் பாக்டீரியாக்களும் குறைகின்றன. வயதான பெண்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வர இது ஒரு முக்கியக் காரணம்.

அதைத் தாண்டி வரும் கிருமியை ஓட்டம் எதிர்கொள்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் ரத்தத்துக்கே திருப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக அனுப்புகின்றன. அது கீழே வரும் நாளங்கள் வெறும் குழாய்கள் அல்ல. நிமிடத்துக்குச் சில முறை சுருங்கி விரிந்து, அலை அலையாகச் சிறுநீரைத் தள்ளுகின்றன. பைக்குள் நுழையும் இடத்தில் நாளம் நேராகத் துளைத்து வருவதில்லை. பையின் சுவருக்குள் சாய்வாகச் சிறிது தூரம் படுத்துச் சென்ற பிறகே உள்ளே திறக்கிறது. பை நிரம்ப நிரம்ப, உள்ளே ஏறும் அழுத்தமே அந்தப் பகுதியை நசுக்கி மூடிவிடுகிறது. தனியாக ஒரு மூடி தேவைப்படுவதில்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சாய்வுப் பகுதி குட்டையாக இருக்கும். அவர்களுக்குச் சிறுநீர் மேலேறி, அதோடு கிருமியும் சிறுநீரகத்தை எட்டிவிடுகிறது.

பை முழுசாகக் காலியாகும் ஒவ்வொரு முறையும் உள்ளே வந்த கிருமிகளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். தங்க வேண்டுமென்றால் கிருமிக்கு ஒரே வழிதான்: ஒட்டிக்கொள்வது. ஈ.கோலையின் உடம்பெங்கும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் உண்டு. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்எச் என்ற புரதம். பையின் உட்சுவரில் உள்ள மானோஸ் என்ற சர்க்கரையை அது கவ்விப் பிடிக்கும். இழுத்தால் இந்தப் பிடி தளர்வதில்லை, இன்னும் இறுகுகிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். அடித்துப் போகிற ஓட்டமே கிருமியின் பிடியை வலுவாக்குகிறது!

உடம்பும் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1950இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் இருவரும் மனிதச் சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் யூரோமோடுலின். நலமாக உள்ளவர்களின் சிறுநீரில் மற்ற எந்தப் புரதத்தையும்விட இதுவே அதிகம். ஆனால் எதற்காக இத்தனை என்பது வெகுகாலம் புரியவில்லை. 2020இல் சூரிச் நகர விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் வேலையையே பார்த்துவிட்டார்கள். நீண்ட இழைகளாக மிதக்கும் இந்தப் புரதத்திலும் கிருமி தேடும் அதே வகைச் சர்க்கரை தொங்குகிறது. சுவரென்று நம்பி ஈ.கோலை அதைக் கவ்வுகிறது. இழைகள் கிருமிகளைச் சுற்றிச் சேர்த்துக் கட்டியாக்க, அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது கட்டியோடு அவை வெளியே போகின்றன.

அதிலும் தப்பிச் சுவரைத் தொட்டுவிட்டால்? பையின் உட்பரப்பில் குடை செல்கள் எனப்படும் பெரிய தட்டைச் செல்கள் இருக்கின்றன. சாதாரணமாக அவை மாதக்கணக்கில் வாழ்பவை. கிருமி தொற்றியதும் சில மணி நேரத்திலேயே, பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுவதைப் போல, பை இந்தச் செல்களை உதிர்த்துவிடுகிறது. ஒட்டியிருந்த கிருமியும் சேர்ந்தே போகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேலடுக்கு உதிர்ந்தபின் வெளித்தெரியும் அடிச்செல்களுக்குள் கொஞ்சம் கிருமிகள் புகுந்து பதுங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குணமானதாக நினைத்தபின் சிலருக்கு மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காவல் முழுதும் தோற்றால் ஆன்டிபயாட்டிக்தான். அதுவும் இப்போது நிச்சயமில்லை. வலுவான மருந்துகளையும் முறிக்கும் என்டிஎம்-1 என்ற நொதி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது, இந்தியா வந்துவிட்டு 2008இல் ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீர்த் தொற்றிலிருந்துதான். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், இந்த நொதியுள்ள கிருமிகள் சென்னையிலேயே 44 மாதிரிகளில் பதிவாயின. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ரெண்டு மாத்திரை போட்டு, கடுப்பு குறைந்ததும் நிறுத்துவது இந்தக் கிருமிகளுக்குத்தான் சாதகம். காய்ச்சல், குளிர், விலாவலி சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கக்கூடும். அப்போது கல்ச்சர் பரிசோதனையும் டாக்டரும் தள்ளிப்போட முடியாதவை.

ஓட்டத்தைக் கூட்டினால் பலன் உண்டா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி தொற்று வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. 2018இல் வெளியான முடிவு இது. மே மாத வெயிலில் வியர்வையாகவே தண்ணீர் போய்விட, சிறுநீர் சுண்டி மஞ்சளாகி, ஓட்டமும் குறையும். ‘சூடு பிடிச்சிருச்சு’ என்று வீட்டில் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் சென்னையை அடுத்த கரையான்சாவடி கடைத்தெருவில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி துணி மடித்துப் போடும் பெண்ணிடம் ‘நிறைய தண்ணி குடிம்மா’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. குடித்தால் எங்கே போவது என்ற கணக்கைப் போட்டுத்தான் அவர் பாட்டிலைத் திறக்காமல் வைத்திருக்கிறார். உடம்பின் காவலில் பெரும்பகுதி ஓட்டத்தை நம்பியே நிற்கிறது. அதற்கு வேண்டிய தண்ணீரை அவரே குடித்துக்கொள்வார். தாழ்ப்பாள் உள்ள ஒரு சுத்தமான கழிப்பறையைக் கட்டித்தர வேண்டியவர்கள் கடை முதலாளியும் நகராட்சியும்.