செவியும் திசையும்

ஒசூரை அடுத்த மத்திகிரியில் பழமையான கால்நடைப் பண்ணை ஒன்று உண்டு. படைக்குரிய குதிரைகளை வளர்ப்பதற்காக 1824-ஆம் ஆண்டில் தோன்றிய அப்பண்ணை, பின்னர்ப் பசுக்களையும் காளைகளையும் பேணும் இடமாயிற்று. அத்தகைய பண்ணையில், கண்ணுக்குப் புலப்படாத இடத்திலிருந்து தாய்ப்பசு குரல் கொடுப்பினும், கன்று அத்திசை நோக்கித் தலையைத் திருப்பும். ஒலி வந்த திசையை அஃது அறிவது எவ்வாறு?

செவிகள் இரண்டாக இருப்பதே அதற்குக் காரணம். வலப்புறத்தே எழும் ஒலி வலச்செவியை முதலில் அடைகின்றது. இடச்செவியைச் சற்றுத் தாழ்த்து, வலிமை குன்றி அடைகின்றது. மனிதரிடத்து இக்கால வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மூளைத்தண்டு இதனை அளந்து நடுமூளைக்கு அறிவிக்கின்றது.

இருளில் இரை தேடும் உயிர்களுக்கு இத்திறன் இன்றியமையாதது. பெரிய செவிகளையுடைய ஒருவகை வௌவால், தரையில் அசையும் தவளையின் மெல்லொலியைக் கேட்டே அதனைப் பற்றுகின்றது. மதுரையில் இந்திய, செருமானிய அறிஞர்கள் இணைந்து நிகழ்த்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று.

நடுமூளையின் பின்புறத்தில், சிறு குன்றுகளைப் போன்ற இரு மேடுகள் கேள்விக்கென அமைந்துள்ளன. இடமேடு பெரும்பாலும் வலப்புற ஒலிகளையும், வலமேடு இடப்புற ஒலிகளையும் உணர்கின்றது. எனினும், அவை தனித்தனியே தொழில் புரிவதில்லை. நரம்பிழைகளாலாகிய பாலம் ஒன்று அவற்றை இணைக்கின்றது. அப்பாலத்தின் வழியே செல்லும் செய்திகளுள் சில எதிர்மேட்டைத் தூண்டும், சில அடக்கும். துலாக்கோலின் தட்டுகளைப் போல, ஒன்றன் நிலையை மற்றொன்று திருத்துகின்றது.

இங்கிலாந்து நாட்டு நியூகாசில் பல்கலைக்கழக அறிஞர்கள், கினிப்பன்றியின் ஒரு மேட்டைக் குளிர்வித்து அதன் செயலை ஒடுக்கினர். அப்போது மறுமேட்டு நரம்பணுக்களின் செயலும் மாறிற்று. குளிர்ச்சி நீங்கியதும் அவை பழைய நிலையை நோக்கித் திரும்பின. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு, இரு மேடுகளின் ஒத்துழைப்பைத் தெளிவாக்கிற்று.

இன்று ஒசூர்ப் பகுதியில் ஆலைகளும் சரக்கு வண்டிகளும் மிகுந்துள்ளன. சாலையிற் செல்வோர்க்கு, பின்னே வரும் வண்டி எப்புறத்தது என உணர்த்துவன இரு செவிகளே. ஒரு செவி பழுதுற்றால் ஒலி கேட்கும், திசையோ மயங்கும். இளமையில் அக்குறை நெடுநாள் நீடிப்பின், மூளையிலுள்ள கேள்வி நரம்புகளின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஆதலின், ‘மற்றொரு செவி இருக்கின்றதே’ என்று வாளா இராது, விரைந்து மருத்துவரை நாடுதல் வேண்டும். பேரிரைச்சலில் உழைப்போர் செவிக்காப்பு அணிதல் வேண்டும். இரு செவிகளையும் ஒருங்கே காப்பதே அறிவுடைமை.