பந்தயத் தடத்தில் இறங்கும் பழைய கார்: பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதுமா?

கார் கவிழ்ந்து பெட்ரோல் கசியும் நேரத்தில் ஒரு தீப்பொறி போதும். ஆகவேதான், பந்தயக் கார்களில் பொது மின்துண்டிப்பு சுவிட்ச் இருக்க வேண்டும் என்று சர்வதேச வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ வலியுறுத்துகிறது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்குகள், ஹாரன், இக்னிஷன் என அனைத்தையும் அது துண்டிப்பதுடன், என்ஜினையும் நிறுத்த வேண்டும்.

பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களைப் பந்தயத்துக்குத் தயார்செய்வோர் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரே மின்சாரம் அளிக்கிறது. எனவே, பேட்டரி கேபிளை மட்டும் துண்டிக்கும் சாதாரண இருமுனை சுவிட்சைத் திருகினாலும் என்ஜின் தொடர்ந்து ஓடக்கூடும். மேலும், மின்சாரத்தை உள்வாங்கிக் கொண்டிருந்த பேட்டரி திடீரென விலகுவதால் மின்னழுத்தம் எகிறி, ஆல்டர்னேட்டரின் டயோடுகள் பழுதடையும் அபாயமும் உண்டு.

இதற்கான தீர்வு ஆறுமுனை சுவிட்ச். அதன் இரு பெரிய முனைகள் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இடையே செல்லும் தடித்த கேபிளில் இணைக்கப்படுகின்றன. சிறிய முனைகளில் ஒரு ஜோடி, இக்னிஷன் சாவியிலிருந்து காயிலுக்குச் செல்லும் கம்பியின் குறுக்கே அமைகிறது. சுவிட்ச் அணைந்ததும் தீப்பொறி நின்று என்ஜின் அடங்கும். மற்றொரு ஜோடி இதற்கு நேர்மாறானது. சுவிட்ச் அணையும்போது அது மூடிக்கொண்டு, ஆல்டர்னேட்டரில் எஞ்சும் மின்சாரத்தை 3 ஓம், 11 வாட் மின்தடை வழியாக எர்த்துக்கு அனுப்புகிறது. டைனமோ பொருத்திய பழைய கார்களில் டயோடுகள் இல்லை. ஆயினும் காயில் கம்பியைத் துண்டிப்பது அங்கும் அவசியமே.

ஆல்டர்னேட்டர் கேபிளை நேரடியாகப் பேட்டரியுடன் இணைத்துவிட்டால் மின்தடை தேவைப்படாது என்ற குறுக்குவழியும் உண்டு. டயோடுகள் தப்பும் என்பது உண்மைதான். ஆனால், சுவிட்ச் அணைந்த பின்னும் பானட்டுக்குள் மின்சாரம் பாயும் தடித்த கேபிள் ஒன்று எஞ்சியிருக்கும். விபத்தில் அதுவே நசுங்கலாம். பந்தயக் காருக்கு இது ஏற்றதன்று.

புதிய கேபிள் பழையதைவிட மெலிதாக இருக்கக் கூடாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம்.

இருக்கைப் பட்டை அணிந்த நிலையிலும் ஓட்டுநருக்குச் சுவிட்ச் எட்ட வேண்டும். மூடிய கார்களில், வெளியிலிருந்து இயக்கும் கைப்பிடி முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் அமைய வேண்டும். வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் கொண்ட அடையாளமே மீட்புப் பணியாளருக்கு வழிகாட்டி. அதன் அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ. இருக்க வேண்டும்.

பொருத்திய பின், என்ஜினை மெதுவாகவும் சற்று வேகமாகவும் ஓடவிட்டு, இரு நிலைகளிலும் சுவிட்சை அணைத்துச் சோதிக்க வேண்டும். என்ஜின் நின்றதும் ஹாரனை அழுத்திப் பார்ப்பது நல்லது. அது ஒலித்தால், ஏதோ ஒரு கம்பி இன்னமும் பேட்டரி முனையிலேயே நேரடியாக இணைந்துள்ளது என்று பொருள்.