மணக்காத அரோமேட்டிக்

பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர் முந்திரிக்குப் பெயர்பெற்ற ஊர். முந்திரிக்கொட்டை உடைப்போர் கைகளில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வது வழக்கம். ஓட்டிலுள்ள கரும்பழுப்பு எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். அவ்வெண்ணெயின் முதன்மைக் கூறாகிய அனகார்டிக் அமிலத்தை வேதியியல் 'அரோமேட்டிக்' சேர்மம் என்கிறது. பழைய தமிழ் நூல்களில் இச்சொல் 'நறுமணச் சேர்மம்' எனப் பெயர்க்கப்பட்டது. கையைப் புண்ணாக்கும் பொருளுக்கு நறுமணம் ஏது?

19ஆம் நூற்றாண்டில் கசப்பு வாதுமை, சாம்பிராணி முதலிய மணப்பொருள்களிலிருந்து பெற்ற சேர்மங்களுக்கே இப்பெயர் வழங்கியது. அவற்றுட் பலவற்றில் பென்சீன் வளையம் இருப்பது பின்னர்ப் புலனாயிற்று. அவ்வளையத்தின் அமைப்பை 1865இல் கெக்குலே முன்மொழிந்தார். மணம் விலகியது, பெயர் தங்கிவிட்டது. ஆறு பை எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட இரு கார்பன்களிடையே அடங்காமல் வளையம் முழுதும் பரவுவதால் விளையும் தனி நிலைப்புத்தன்மையையே இன்று இச்சொல் குறிக்கிறது. மல்லிகை மணத்தில் பங்குகொள்ளும் லினலூலில் அத்தகைய வளையம் இல்லை. எனவே, எத்துணை மணப்பினும் அது அரோமேட்டிக் அன்று!

அனகார்டிக் அமிலமோ சாலிசிலிக் அமிலத்தின் வளையத்தில் 15 கார்பன்கள் கொண்ட தொடர் இணைந்தது. கொட்டையை வறுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு நீங்கி அது கார்டனால் என்னும் பீனாலாக மாறுகிறது. வளையம் மட்டும் குலைவதில்லை. கார்டனாலும் ஃபார்மால்டிகைடும் வினைபுரிந்து தரும் பிசின், வண்டிகளின் பிரேக்குகளில் உராய்வுப் பொருளாகச் சேர்கிறது. எனினும், எண்ணெயில் கலந்துள்ள கார்டால் என்னும் மற்றொரு பீனாலும் தோலை அரிப்பதே. வறுத்த கொட்டையை உடைப்போர்க்கும் கைக்காப்பு வேண்டியிருக்கிறது.