காற்றும் ஒரு சரக்குத்தான்

மே மாதம் பிறந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் எமது மேற்குக் கரையில் தொழில் மந்தமாகிவிடும். கடல் கொந்தளிக்கும். பைபர் வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும். மீன் குறைந்தால் மீனவர் கையில் காசு குறையும். அவர் கையில் காசு குறைந்தால் கடைக்காரரின் கடன் கொப்பியில் பக்கங்கள் கூடும். கற்பிட்டியில் தொடங்கும் இந்த மந்தம், கடலை நேரே காணாத மதுரங்குளி, கனமூலைப் பக்கத்து வியாபாரிகளையும் தொடாமல் விடுவதில்லை.

ஆனால் இதே மாதங்களில், இதே காற்றைத் தேடி, விமானச் சீட்டு எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். மே முதல் ஒக்டோபர் வரை கற்பிட்டியில் அவர்களுக்குப் பருவகாலம். கண்டக்குழி, கப்பலடிப் பக்கங்களில் பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, பலகையில் நின்று நீரில் சறுக்கும் 'கைட் சர்பிங்' விளையாட்டு நடக்கிறது. களப்பில் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகள் ஓடுகின்றன. எமக்கு நட்டம் தரும் காற்று வேறு சிலருக்கு இலாபம் தருகிறது. வர்த்தகர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

காற்றை விற்றுப் பிழைப்பது எமது பிரதேசத்துக்குப் புதிதல்ல. வெயிலும் காற்றும் சேராமல் புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளைவதில்லை. 2010ஆம் ஆண்டு மாம்புரியில் காற்றாலைகள் இயங்கத் தொடங்கிய பின்னர் இதே காற்று மின்சாரமாகவும் விலை போகிறது. இப்போது மூன்றாவதாக விளையாட்டு வந்திருக்கிறது. முந்திய இரண்டிலும் பெரிய முதல் வேண்டும். மூன்றாவதில் சிறிய முதலுக்கும் இடமிருக்கிறது.

கயாக் தொழிலின் கணக்கை முதலில் பார்ப்போம். புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பெரும்பகுதி ஆழம் குறைந்தது. ஓரங்களில் கண்டல் காடுகள் உண்டு. தெற்கே ஒல்லாந்தர் கால்வாய் வழியாக முந்தல் களப்புடன் தொடர்பும் உண்டு. காலையில் காற்று பொதுவாகத் தணிந்திருக்கும். அது கயாக்குக்கு உகந்த நேரம். பகல் ஏற ஏறக் காற்று பலக்கும். அது பாய்க்கும் பட்டத்துக்கும் உரிய நேரம். ஆக, ஒரே நீரில் ஒரே நாளில் இரண்டு தொழில் நடத்தலாம்.

வருகிறவர்கள் செலவழிப்பது படகுக்கு மட்டுமல்ல. தண்ணீரிலிருந்து ஏறியவருக்குப் பசிக்கும். மீன், இறால், நண்டு, சோறு, செவ்விளநீர் எல்லாம் வேண்டும். ஐஸ் வேண்டும். உடுப்புத் துவைக்க ஆள் வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து வருகிறவர் சிலாபம், முந்தல், மதுரங்குளி கடந்து பாலாவியில்தான் கற்பிட்டிக்குத் திரும்புகிறார். எமது கடை வாசலால் போகிறவர் ஏன் நிற்பதில்லை என்று கேட்டுப் பார்த்தோமா? சுத்தமான கழிப்பறையும், விலை எழுதிய பலகையும், நல்ல தேநீரும் இருந்தால் நிற்பார். கிழிந்த பாயையும் பட்டத்தையும் தைக்கக் கெட்டித் துணி தைக்கும் தையல்காரர் வேண்டும். வெடித்த கயாக்கை ஒட்டுவதற்கு வள்ளம் திருத்தும் எமது பைபர் வேலைக்காரரின் கைத்திறனே போதும். கடலுக்குப் போகாமல் கிடக்கும் வள்ளமும், வெளியிணைப்பு இயந்திரமும், களப்பை அறிந்த ஓட்டியும் சேர்ந்தால் அதுவே மீட்புப் படகு. அதற்கு நாள் வாடகை கிடைக்கும்.

பாய்மரப் பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்பது பலரது எண்ணம். கொழும்பில் 1888இல் தொடங்கிய றோயல் கொழும்பு படகுக் கழகத்தை நினைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுத் தொண்டிக் கரையில் பாய்மரப் போட்டி நடத்துகிறவர்கள் மீனவர்கள். நீர்கொழும்பிலும் ஒருவா எனப்படும் பக்கமிதவைத் தோணிகள் பாய் விரித்துப் பந்தயம் ஓடியிருக்கின்றன. தொழிலுக்குப் போகும் படகே அங்கெல்லாம் பந்தயப் படகு.

இன்னொரு உதாரணம் வர்த்தகர்களுக்கு நேரடியாகவே பொருந்தும். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கிளியர்வோட்டர் என்ற கரையோர ஊரில், பிள்ளைகளுக்கு ஒரு படகுப் பந்தயம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஒவ்வொரு படகுக்கும் ஊர்க் கடைக்காரர் ஒருவர் அனுசரணை கொடுப்பது என்பது திட்டம். செலவு ஐம்பது டொலருக்குள் அடங்க வேண்டும். கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுநர், எட்டுக்கு நான்கு அடி பிளைவூட் பலகை இரண்டில் அடங்கும்படி சதுர மூக்குள்ள ஒரு சிறு படகை வரைந்து கொடுத்தார். அதுதான் 'ஒப்டிமிஸ்ட்'. இன்று பல நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பாய் பிடிக்கப் பழகுவது இந்தப் படகில்தான். ஒலிம்பிக் வரை போன பலர் இதில் தொடங்கியவர்கள். இதைத் தொடக்கிவிட்டது அரசாங்கமோ பெரிய கம்பனியோ அல்ல. ஒரு சிற்றூரின் கடைக்காரர்கள்.

எமது ஊர்களில் பலகை இருக்கிறது, தச்சர் இருக்கிறார், நீர் இருக்கிறது, காற்று இருக்கிறது. பத்துக் கடைகள் சேர்ந்தால் பத்துச் சிறு படகுகள். பந்தயம் என்றால் மூன்று மிதவைகளை முக்கோணமாக இட்டு, அவற்றைச் சுற்றி வருவதுதான். பார்க்க வரும் கூட்டம் கடலையும் வாங்கும், குளிர்பானமும் வாங்கும். பாயில் கடையின் பெயர் இருந்தால் அதுவே விளம்பரம்.

இலாபத்தைச் சொல்லும்போது ஆபத்தையும் சொல்ல வேண்டும். தென்மேற்குக் காற்று கற்பிட்டிப் பக்கத்திலிருந்து புறப்படுகிறவரைக் களப்பின் நடுவுக்குத் தள்ளிவிடும். ஆகவே உயிர்காப்பு அங்கி அணியாதவரை, எத்தனை ரூபா தந்தாலும், படகில் ஏற்றக் கூடாது. மீட்புப் படகு இல்லாமல் பந்தயம் வைக்கக் கூடாது. ஓர் உயிர் போனால் தொழிலும் போகும், ஊரின் பெயரும் போகும். படகு, தங்குமிடம் ஆகியவற்றின் பதிவு பற்றி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

களப்பு முதலில் மீனவருடையது என்பதையும் மறக்க முடியாது. வலை விரித்த இடத்தில் படகு ஓடினால் சண்டை வரும். அந்தச் சண்டையில் நியாயம் வலைக்காரர் பக்கமே இருக்கும். எந்த நேரம், எந்தப் பாதை என்பதை மீனவர் சங்கங்களோடு பேசி முடிவெடுத்த பிறகே தொழிலைத் தொடங்க வேண்டும். சுற்றுலா என்றால் மதுவும் கூத்தும் வரும் என்று அஞ்சி ஒதுங்குகிறவர்களும் உண்டு. அந்த அச்சம் காரணமற்றதல்ல. ஆனால் நாம் ஒதுங்கிவிட்டால் நடத்துவது வேறொருவர். அவர் எப்படி நடத்துவார் என்று தீர்மானிக்கும் இடத்தில் நாம் இருக்க மாட்டோம். குடும்பங்களோடு பகலில் நடக்கும் படகோட்டத்தை எமது ஒழுங்கிலேயே நடத்தலாம்.

நில விடயத்திலும் கவனம் தேவை. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய பாரிய சுற்றுலாத் திட்டம் 2000களின் பிற்பகுதியில் பேசப்பட்டபோது, கரையையும் பாதையையும் இழந்துவிடுவோம் என்று மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கரைக் காணியை விற்றவருக்குக் கிடைப்பது ஒரு தடவைக் காசு. அதே காணியைக் குத்தகைக்குக் கொடுத்தாலோ, பங்காளியாகச் சேர்ந்தாலோ ஆண்டுதோறும் வருமானம்.

1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல், வழி தவறி எமது புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் இங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம். மலபார், மஃபர் வணிகர்கள் விலை கொடுக்காமலே அவற்றை ஏற்றிச் சென்றார்களாம். பதிலுக்கு அரசருக்குத் துணியும் அதுபோன்ற பொருட்களும் கிடைத்தன. கரையில் இருந்த குடிமக்களுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு அதில் இல்லை.

அன்று கறுவா, இன்று காற்று. அடுத்த சோளகம் எழும்புவதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வர்த்தக சங்கம், மீனவர் சங்கம், பாடசாலை ஆகிய மூன்றின் பொறுப்பாளர்களும் ஒரு தடவை கூடி உட்கார்ந்து, இரண்டு பலகையில் ஒரு படகு கட்டிப் பார்க்கட்டும். மிஞ்சிப் போனால் நட்டம் அந்தப் பலகைகளின் விலைதான்.