பீரங்கி வார்த்தவன் யார்?

பேச்சிப்பாறை அணை அருகே தேநீர்க் கடையில், ரப்பர்த் தோட்டத் தோழர் ஒருவர் கேட்டார்: "எத்தியோப்பியாவா, எரித்திரியாவா, யாரு படை பெருசு?"

தோழர்களே! 1998-லே பத்மே என்னும் சிற்றூருக்காக மோதின அவ்விரு நாடுகளும். அங்கே சுகோய்-27, இங்கே மிக்-29. விற்றவன் யார்? இரண்டும் ருஷ்யச் சரக்கு! ஏழை நாட்டுப் பணம் பறந்தது, மாண்டவர் பல்லாயிரவர். 2000-லே அல்ஜியர்சில் உடன்பாடு.

எத்தனை பீரங்கி என்று கேட்டால் போதுமா? வார்த்தவன் யார் என்றல்லவா கேட்கவேண்டும்!

சான்று தேடி ஆப்பிரிக்கா போவானேன்? இதே மாவட்டத்துக் குளச்சல் போதும். 1741-லே அங்கே டச்சுக் கம்பெனியை முறியடித்தார் மார்த்தாண்ட வர்மா. மன்னர் புகழ் பாட வரவில்லை நான். அவர் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பிடிபட்ட டிலனாயைக் கொண்டே படையைப் பழக்கினார். உதயகிரிக் கோட்டையிலே பீரங்கி வார்த்தார். வித்தை வெள்ளையனுடையது, உலையோ நம் மண்ணிலே! இன்றும் அது டிலனாய் கோட்டைதான் மக்கள் வாயில்.

பிறகு? 1805 உடன்படிக்கை! நாட்டைக் காக்கக் கம்பெனிப் படையாம். அதற்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாம்! அதற்கு இசைந்த வேலுத்தம்பியே பின்னர் கிளர்ந்தெழுந்தார். 1809-லே அடக்கிய ஆங்கிலேயன் திருவிதாங்கூர்ப் படையைக் கலைத்தான். கப்பத்தை மட்டும் கலைக்கவில்லை.